அடுத்த சீசன் டீமுக்கு யாரை எடுப்பது? நட்சத்திரம், திரும்பி வருகிறவர், புதுமுகம், நடுவிலைக்காரர்: ஓர் ஒப்பீடு

அக்டோபரில் வடக்கு இத்தாலியில் லொம்பார்தியா பந்தயம் முடிந்து, சீனாவின் குவாங்ஷியில் ஆண்டின் கடைசி வேர்ல்டு டூர் (உயர்மட்ட சைக்கிள் பந்தயத் தொடர்) போட்டியும் ஓய்ந்ததும், உண்மையான வீரர்களை வைத்துக் கற்பனை டீம் அமைக்கும் சைக்கிள் மேனேஜர் ஆட்டம் ஆடுகிறவர்கள் கணக்கு நோட்டைத் திறக்கிறார்கள். போன ஜனவரியில் எடுத்த ஆட்களில் யார் காப்பாற்றினார், யார் கவிழ்த்தார் என்று பார்க்கும் நேரம் இது. பார்த்து முடித்த பிறகு பெரும்பாலானோர் சிக்கிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த ஆண்டு பட்ஜெட்டை எந்த வகை வீரர்கள்மேல் போடுவது? விலை உச்சத்தில் இருக்கும் நட்சத்திரமா, காயத்துக்கோ தடைக்கோ பிறகு திரும்பி வருகிறவரா, புதுமுகமா, நடுத்தர விலையுள்ள நடுவிலைக்காரரா?

இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை, சைக்கிள் வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் சி.கியூ. ரேங்கிங் தளத்தின் புள்ளிகளை வைத்து ஆடப்படும் ஆட்டம். கையில் 7500 புள்ளி. அதற்குள் 33 வீரர்களை வாங்க வேண்டும். ஒரு வீரர் சென்ற ஆண்டு ஈட்டிய புள்ளிதான் இந்த ஆண்டு அவர் விலை. இந்த ஆண்டு அவர் ஈட்டுவது உங்கள் வரவு. சீசன் தொடங்கிவிட்டால் டிசம்பர் வரை ஆளை மாற்ற முடியாது. ஒவ்வொரு மேட்சுக்கும் டீமை மாற்றும் ஃபேன்டசி கிரிக்கெட் பழக்கம் இங்கே உதவாது. சென்ற ஆண்டுப் புள்ளியை விலையாக வைக்கும் மற்ற ஆட்டங்களுக்கும், எண்களை மாற்றிக்கொண்டால், இதே கணக்கு பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது

மடங்கை விடுங்கள், லாபத்தைப் பாருங்கள். சீசன் முடிவில் எல்லோரும் முதலில் பார்ப்பது, ஒரு வீரர் தன் விலையைப் போல எத்தனை மடங்கு ஈட்டினார் என்பதை. தவறான பாடம் இங்கேதான் தொடங்குகிறது. 30 புள்ளி விலையில் வாங்கிய ஒருவர் 150 ஈட்டினால் ஐந்து மடங்கு; ஆனால் உங்கள் மொத்தத்தில் கூடியது 120தான். 500-க்கு வாங்கியவர் 900 ஈட்டினால் இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் கூடியது 400. இரண்டு பேருமே ஆளுக்கு ஓர் இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். உங்கள் இறுதி மொத்தம் என்பது செலவழித்த புள்ளியோடு, 33 பேரின் லாபத்தையும் கூட்டினால் வருவது. லாபம் என்றால் ஈட்டியதில் விலை போக மீதி. எனவே ஒவ்வொரு இடமும் எவ்வளவு லாபம் தந்தது என்பதே முதல் அளவுகோல்.

இடத்தின் வாடகை. கணக்குக்காக 12,000 புள்ளியை இலக்கு என்று வைத்துக்கொள்வோம். 7500 முழுவதும் செலவானால் மீதி 4500 லாபமாக வர வேண்டும். 33 இடங்களுக்குப் பங்கிட்டால் இடத்துக்கு 136. ஒருவரை எடுக்கும்போது அவர் விலையோடு இந்த 136-ஐயும் சேர்த்துக் கட்டுகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பூஜ்ய விலை வீரர்கூட இலவசம் அல்ல.

தவறினால் எவ்வளவு போகும். 60 புள்ளி வீரர் ஒன்றுமே ஈட்டாவிட்டால் நட்டம் 60. 2000 புள்ளி வீரர் பாதி ஆண்டு படுக்கையில் கிடந்தால் நட்டம் 1000.

தகவலின் உறுதி. டிசம்பரில் நமக்குத் தெரிவது எது, ஊகம் எது? ஒப்பந்தமும் டீம் மாற்றமும் தெரியும். எந்தப் பெரிய பந்தயத்துக்கு யார் தலைமை என்பது பாதி தெரியும். உடல்நிலை பற்றி டீம் சொல்வதில் பாதிக்குமேல் நம்பக் கூடாது.

மற்றவர்களும் அவரை எடுப்பார்களா. எல்லோரிடமும் இருக்கும் வீரர் உங்களை முன்னே தள்ளமாட்டார். அவர் இல்லாவிட்டால் மட்டும் பின்னுக்கு விழுவீர்கள். நடுத்தட்டில் முடித்தவர்களைவிட முதல் பத்து இடத்துக்குப் போட்டியிடுகிறவர்களுக்கு இது முக்கியம்.

## நான்கு வகையும் ஒரே அட்டவணையில்

கீழே உள்ள விலையும் லாபமும் எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் ஆட்டத்தின் விலைப் பட்டியலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வரிசை, 136 வாடகையை ஈடுகட்ட எத்தனை பேரில் எத்தனை பேர் பலித்தாக வேண்டும் என்பது.

| | நட்சத்திரம் | திரும்பி வருகிறவர் | புதுமுகம் | நடுவிலைக்காரர் |
|---|---|---|---|---|
| விலை | 2000 | 60 | 40 | 400 |
| பலித்தால் லாபம் | +400 | +500 | +250 | +350 |
| பலிக்காவிட்டால் | −600 | −40 | +20 | −100 |
| தகவலின் உறுதி | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் |
| மறைந்திருக்கும் செலவு | மற்ற 32 பேரின் விலையை அமுக்கும் | அரைகுறை உடல்நிலை | துணை வீரர் வேலை, குறைந்த பந்தய நாட்கள் | ஒரே டீமில் தலைமைப் போட்டி |
| பலிக்க வேண்டிய விகிதம் | நான்கில் மூன்று | மூன்றில் ஒன்று | இரண்டில் ஒன்று | இரண்டில் ஒன்றுக்குச் சற்று மேல் |

புதுமுகத்துக்கும் திரும்பி வருகிறவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் புதுமுகம் பலித்தாலும் சின்ன லாபம்தான் தருவார். அதனால் அவர் இரண்டில் ஒரு முறை பலித்தாக வேண்டும். திரும்பி வருகிறவர் மூன்றில் ஒரு முறை பலித்தாலே போதும். பத்துப் பன்னிரண்டு இளைஞர்களைத் திணித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் நடுத்தட்டில் தேங்கும் டீம்களின் கோளாறு இந்த வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது.

## விலை உச்சத்தில் இருக்கும் நட்சத்திரம்

2024-இல் ஸ்லொவேனிய வீரர் டாடேய் பொகாச்சர் ஜிரோ (இத்தாலிச் சுற்று), டூர் (டூர் டி பிரான்ஸ்), உலகப் பட்டம், லியேஜ், லொம்பார்தியா ஒருநாள் பந்தயங்கள் எல்லாவற்றையும் வென்றார். மொத்தம் 25 வெற்றிகள். அந்த விலையில் 2025-க்கு அவரை வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் 2025-இலும் டூர், கிகாலியில் உலகப் பட்டம், ஐரோப்பியப் பட்டம், ஃபிளாண்டர்ஸ், லியேஜ், தொடர்ந்து ஐந்தாவது லொம்பார்தியா என 20 வெற்றிகள். இப்படிப்பட்டவர் விலைக்கு ஏற்றதைத் திருப்பித் தருவார். கேள்வி, விலைக்குமேல் தருவாரா என்பது. உச்ச ஆண்டுக்குப் பிறகு வாங்கினால் மேலே ஏற இடமே கிடையாது.

மறைந்திருக்கும் செலவைக் கணக்கிடுவோம். 2500 விலை வீரர் அதே 2500-ஐ ஈட்டுகிறார், லாபம் பூஜ்யம். மீதி 5000-ஐ வைத்து 32 பேர். சராசரி விலை 156. 4500 லாபமும் இவர்களிடமிருந்தே வர வேண்டும் என்பதால் ஒவ்வொருவரும் 297 ஈட்ட வேண்டும், அதாவது 1.9 மடங்கு. நட்சத்திரம் இல்லாத டீமில் சராசரி விலை 227, ஈட்ட வேண்டியது 364, அதாவது 1.6 மடங்கு. நட்சத்திரம் தன் அளவில் நட்டம் தராவிட்டாலும் மற்ற 32 பேர்மேலும் பாரத்தை ஏற்றிவிடுகிறார்.

ஒரே ஒரு பொற்காலத்தை விலையாகச் சுமந்து வருகிறவர் இன்னும் ஆபத்து. பினியம் கிர்மாய் 2024 டூரில் மூன்று கட்டங்களையும் (பல நாள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), புள்ளிப் பட்டியல் முதல்வருக்கான பச்சை ஜெர்சியையும் வென்றார். 2025-இல் ஒரு வெற்றியும் இல்லை. கடைசி நேர வேகத்தில் வெல்லும் ஸ்பிரின்டர்களின் விலை இப்படித்தான் ஊசலாடும். கடைசி 50 மீட்டரில் ஒரு சக்கர அளவு பின்தங்கினால் முதலிடம் ஐந்தாமிடமாகிவிடும். புள்ளி பாதிக்கும் கீழே போகும். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டும் பொதுப் பட்டியலில் முதல் ஐந்துக்குள் முடிக்கும் மலையேற்ற வீரரின் வரவு அவ்வளவு ஆடாது.

இந்த வகை எப்போது சரி? சென்ற ஆண்டு அந்த வீரர் காயத்தால் ஒரு பெரிய பந்தயத்தையாவது இழந்திருக்க வேண்டும். அப்போதுதான் விலையில் தள்ளுபடி இருக்கும். அல்லது மலிவு விலையில் நல்ல ஆட்கள் அந்த ஆண்டு வழக்கத்துக்குமேல் குவிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இலையுதிர் காலத்தின் கடைசியில் அடிபட்ட நட்சத்திரத்திடம் எச்சரிக்கை தேவை. ரெம்கோ எவெனபூல் 2024 டிசம்பரில் பயிற்சியின்போது தபால் வண்டிக் கதவில் மோதினார். 2024 பந்தயங்களெல்லாம் முடிந்திருந்ததால் விலையில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆனால் 2025 ஏப்ரல் நடுவில்தான் அவர் பந்தயத்துக்குத் திரும்பினார். திரும்பிய நாளிலேயே பிரபான்ட்சே பெய்ல் பந்தயத்தை வென்றார் என்பது அவர் திறமை. முழு விலை கொடுத்து மூன்றரை மாதத்தைப் பறிகொடுத்தது மேனேஜரின் நட்டம்.

## அடிபட்டோ தடைபட்டோ திரும்பி வருகிறவர்

இந்த ஆட்டத்தின் உயிர் இந்த வகையில்தான் இருக்கிறது. விலை சென்ற ஆண்டின் துரதிர்ஷ்டத்தைக் காட்டும், திறமையைக் காட்டாது. அந்த இடைவெளிதான் நம் லாபம்.

மிகத் தெளிவான உதாரணம் அலெஹாந்த்ரோ வல்வெர்தே. ஊக்கமருந்துத் தடை காரணமாக 2011 முழுவதும் பந்தயமே இல்லை, விலை பூஜ்யம். 2012 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டூர் டவுன் அண்டரில் வில்லங்கா மலைக் கட்டத்தை வென்று வந்தார். செப்டம்பரில் முடிந்த வுவெல்டாவில் (ஸ்பெயின் சுற்று) இரண்டாமிடம். தடையில் இருப்பவர் உடல் கெடாமல் முழுப் பயிற்சியில் இருக்க முடியும் என்பதே காயத்துக்கும் தடைக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

ஆனால் தடை முடியும் தேதியைப் பார்க்க வேண்டும். ஆல்பெர்தோ கொன்டடோரின் தடை 2012 ஆகஸ்டில் முடிந்தது. வந்தவுடன் வுவெல்டாவை வென்றுவிட்டார். அதனால் 2013-க்கு அவர் மலிவும் இல்லை, முழு விலையும் இல்லை. 2013-இல் ஒரே வெற்றி, டூரில் நான்காமிடம். சீசன் நடுவே திரும்பி வந்து உடனே சாதித்தவரின் தள்ளுபடி அங்கேயே கரைந்துவிடுகிறது.

காயத்துக்கு வருவோம். மூன்று விஷயங்களைத் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

1. காயம்பட்ட மாதம். பிப்ரவரி, மார்ச்சில் அடிபட்டு ஆகஸ்ட், செப்டம்பரில் மீண்டும் பந்தயம் ஓட்டியவர் மிக நல்ல தேர்வு. விலை குறைந்திருக்கும், உடல் தேறியதற்கு அத்தாட்சியும் இருக்கும். ஆகஸ்டில் அடிபட்டவரின் விலையில் அரை சீசன் வெற்றிகள் ஏற்கனவே சேர்ந்திருக்கும்.

2. எந்த எலும்பு. காறை எலும்பு முறிவு சைக்கிள் வீரர்களுக்கு அன்றாட விபத்து. சில வாரங்களில் பந்தயத்துக்கு வந்துவிடுவார்கள். அதை வைத்துத் தள்ளுபடி எதிர்பார்க்க வேண்டாம். தொடையெலும்பு, இடுப்பெலும்பு, முழங்கால் என்றால் கதை வேறு. இரண்டு கால்களுக்கும் இடையே விசைச் சமநிலை குலைந்துவிட்டால் நடப்பதற்கு அது தெரியாது. ஆறாவது மணி நேரத்தில் மலை ஏறும்போது தெரியும். இடுப்புத் தமனி சுருக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களும், நீண்ட வைரஸ் சோர்வில் இருந்தவர்களும் இன்னும் கணிக்க முடியாதவர்கள்.

3. திரும்பியபின் ஓட்டிய நாட்கள். வேர்ல்டு டூர் வீரர் ஒரு சீசனில் பொதுவாக 60 முதல் 80 நாள் பந்தயம் ஓட்டுவார். 25 நாள் ஓட்டிப் புள்ளி குறைந்தவர் தள்ளுபடியில் கிடைக்கிறவர். 65 நாள் ஓட்டியும் புள்ளி குறைந்தவர் உண்மையிலேயே சரிந்தவர்; அந்த மலிவு தள்ளுபடி அல்ல, சரியான விலை. சீசன் முடிவுக் கணக்கில் பந்தய நாட்களுக்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பலித்தவர்களில் ஃபாபியோ யாகப்சன் முக்கியம். 2020 ஆகஸ்டில் போலந்தின் கடோவிட்சேயில் தடுப்புவேலியில் மோதி உயிருக்கே ஆபத்தான நிலை. 2021 ஏப்ரலில் துருக்கியில் திரும்பினார். அதே ஆண்டு வுவெல்டாவில் மூன்று கட்டங்களும் பச்சை ஜெர்சியும். கொடூரமான விபத்துதான்; ஆனால் காயம் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும். பெடல் மிதிக்கும் கால்கள் தப்பித்திருந்தன.

பலிக்காதவர்களில் கிறிஸ் ஃப்ரூம். 2019 ஜூனில் பிரான்ஸின் டோஃபினே பந்தயத்தில், ஒவ்வொருவரும் தனியே ஓட்டும் நேரச்சோதனைக்கான பாதையைப் பார்வையிடும்போது விழுந்தார். தொடையெலும்பு, இடுப்பு, முழங்கை, விலா. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அவர் விலை ஆசை காட்டியது. 2022 டூரில் ஆல்ப் தூயெஸ் மலையில் மூன்றாமிடம் பெற்றதே பிற்காலத்தின் உச்சம். ஏகன் பெர்னால் இரண்டுக்கும் நடுவே. 2022 ஜனவரியில் கொலம்பியாவில் பேருந்தில் மோதினார். அந்த ஆகஸ்டிலேயே பந்தயத்துக்கு வந்துவிட்டார். ஆனால் பெரிய வெற்றி என்று சொல்ல 2025 வரை, தேசியப் பட்டமும் வுவெல்டாவில் ஒரு கட்டமும் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 2023-க்கு அவரை மலிவாக வாங்கியவர்களின் கணிப்பு தப்பில்லை, ஆண்டுதான் தப்பு.

இன்னொரு துணைவகை, காயமே இல்லாமல் சரிந்து மீண்டும் எழுபவர். மார்க் கேவென்டிஷ் 2020-இல் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. 2021-இல் பழைய குவிக்-ஸ்டெப் டீமுக்குத் திரும்பி துருக்கியில் நான்கு கட்டம், டூரில் நான்கு கட்டம், பச்சை ஜெர்சி. ஆனால் அவரைச் சீசன் முடிவில் ‘என் கண்டுபிடிப்பு’ என்று குறித்துக்கொள்வதற்குமுன் ஒன்றை நினைக்க வேண்டும். அந்த டீமின் முதன்மை ஸ்பிரின்டர் சாம் பெனட்டின் முழங்கால் சரியாக இருந்திருந்தால் கேவென்டிஷ் அந்த டூருக்கே போயிருக்கமாட்டார். முடிவு நன்றாக வந்தது என்பதும் தேர்வு நன்றாக இருந்தது என்பதும் வேறு வேறு. உங்கள் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி போடுங்கள்.

## புதுமுகங்களும் இரண்டாம் ஆண்டுக்காரர்களும்

ரெம்கோ எவெனபூல் 2018-இல் ஜூனியர் உலகப் பட்டங்கள் இரண்டையும் வென்றார். ஜூனியர் பந்தயங்கள் விலையில் சேராததால் 2019-க்கு அவர் விலை பூஜ்யம். அந்த ஆண்டில் அவர் பெற்றவை: பெல்ஜியம் சுற்று, சான் செபாஸ்டியன் கிளாசிக், ஐரோப்பிய நேரச்சோதனைப் பட்டம், உலக நேரச்சோதனையில் வெள்ளி. அதே ஆண்டு, இளைஞர்களுக்கான டூர் தெ லாவெனீர் பந்தயத்தை முந்தைய ஆண்டில் வென்று வந்த பொகாச்சர், அல்கார்வே, கலிபோர்னியா சுற்றுகளை வென்று வுவெல்டாவில் மூன்று கட்டங்களோடு மூன்றாமிடம். ஜூனியரிலிருந்து நேரே மேலே வந்த பிரெஞ்சு வீரர் பொல் செஷாஸ் 2025-இல் டோஃபினேயில் எட்டாமிடம், ஐரோப்பியப் பட்டப் போட்டியில் மூன்றாமிடம்.

இந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் எல்லோரும் புதுமுகம் தேடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்டவர்களை எல்லோருக்குமே தெரியும், எல்லோரும் எடுப்பார்கள். எடுக்காமல் விடக் கூடாது, எடுத்ததால் முந்தவும் முடியாது. இவர்களைத் தாண்டி நீங்களாகக் கண்டுபிடிக்கும் மற்ற புதுமுகங்கள்தான் உண்மையான கேள்வி.

அங்கே எடைபோட வேண்டியது திறமையை மட்டுமல்ல, வாய்ப்பையும்தான். ஆர்னோ டி லீ 2022-இல் முதல் ஆண்டுத் தொழில்முறை வீரர், ஒன்பது வெற்றிகள். அந்த ஆண்டு அவருடைய லோட்டோ டீம் வேர்ல்டு டூர் உரிமம் பறிபோகும் நிலையில் இருந்தது. புள்ளிக்காகச் சிறிய ஒருநாள் பந்தயங்களைத் தேடித் தேடி ஓட்டியது. அப்போது உலக சைக்கிள் கூட்டமைப்பின் கணக்கில் 1.1 தர (சிறிய ஒருநாள்) பந்தய வெற்றிக்கு 125 புள்ளி, டூர் டி பிரான்ஸ் கட்ட வெற்றிக்கு 120. முடிவு நேரத்தில் வேகமுள்ள ஓர் இளைஞனுக்கு அதைவிட நல்ல டீம் இருந்திருக்க முடியாது. அதே திறமையோடு நட்சத்திரங்கள் நிறைந்த டீமில் சேரும் மலையேற்ற வீரர், முதல் இரண்டு ஆண்டுகள் தண்ணீர்க் குப்பி சுமப்பார்.

ஆகவே புதுமுகத்துக்கான வரிசை இது: முதலில் சிறிய ஒருநாள் பந்தயங்களை ஓட்டும் டீமில் உள்ள வேகமான முடிப்பாளர், அடுத்து நேரச்சோதனை தெரிந்த, ஐந்து நாள் சுற்றுகளில் தலைமை கிடைக்கக்கூடியவர், கடைசியில் பெரிய டீமின் மலையேற்ற இளைஞர்.

முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டு நம்பகமானது. இசாக் டெல் டோரோ 2023-இல் லாவெனீரை வென்றவர். 2024 முதல் தொழில்முறை ஆண்டு. 2025-இல் ஜிரோவில் நாட்கணக்கில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்து, கடைசியில் இரண்டாமிடம். முதல் ஆண்டில் டீம் எத்தனை நாள் ஓட்டவிட்டது, யாருக்காக வேலை வாங்கியது என்பதெல்லாம் கண்முன் இருக்கும். விலை பூஜ்யமாக இருக்காது என்பது மட்டும்தான் குறை. தெரிந்த தகவலுக்கான கட்டணம் என்று அதைக் கொடுத்துவிடலாம்.

## நடுவிலைக்காரர்

200 முதல் 700 வரை விலையுள்ளவர்கள். மடங்கு மட்டும் பார்க்கிறவர்கள் இவர்களைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் 7500-ஐ முழுதாகச் செலவழிக்க வேண்டுமானால் பணத்தின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். எல்லா மலிவு வீரர்களையும் எடுத்து 400 புள்ளி மிச்சம் வைத்த டீம், அந்த 400-ஐயாவது நிச்சயமாகத் தொலைத்திருக்கிறது.

இங்கே தேட வேண்டியது மாற்றத்தை. டீம் மாற்றம் முதலாவது. டாம் பிட்காக் 2024 டிசம்பரில் இனியோஸ் டீமை விட்டு, ஒரு படி கீழான கியூ36.5 டீமுக்குப் போனார். முழுச் சுதந்திரம் கிடைத்தது. 2025-இல் அல்உலா சுற்று வெற்றி, ஸ்ட்ராடே பியாங்கேயில் இரண்டாமிடம், ஃபிளெஷ் வல்லோனில் மூன்றாமிடம், வுவெல்டாவில் மூன்றாமிடம். கீழ்த்தட்டு டீமுக்குப் போகிறவரிடம் உள்ள மறைந்த செலவு அழைப்புதான்; பெரிய பந்தயங்களில் அப்படிப்பட்ட டீம்கள் பெரும்பாலும் அழைப்பு வந்தால்தான் ஓட்ட முடியும். டீமுக்கு ஜிரோ, வுவெல்டா அழைப்பு வந்தது; டூர் அழைப்பு வரவில்லை. நீங்கள் டீமைப் பூட்டும் நாளில் இந்த அழைப்புகள் தெரியாமல் இருக்கலாம். அதற்குத் தகுந்தபடி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதே டீமில் படிநிலை மாறுவது இரண்டாவது. தலைவர் ஓய்வு பெற்றார், வேறு டீமுக்குப் போனார், இரண்டாம் ஆள் மேலே வருகிறார். 2021-இல் டோம் டுமுலான் ஜனவரியில் விலகி நின்றதால் யோனாஸ் விங்கெகோருக்கு டூர் இடம் கிடைத்தது, டீம் தலைவர் ரோக்லிச் விழுந்து வெளியேறியபின் தலைமையும் அவருக்கே வந்தது, இரண்டாமிடத்தில் முடித்தார். இப்படி ஒன்று நடக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு விபத்து நடந்தால் தலைமைக்கு வரக்கூடியவர் யார் என்று கணிக்க முடியும்.

இங்கே செய்யும் பெரிய தவறு, ஒரே டீமில் ஒரே பந்தயத்தைக் குறிவைக்கும் இரண்டு பேரை எடுப்பது. 2025 ஜிரோவுக்கு யு.ஏ.இ. டீமின் தலைவராகப் போனவர் ஹுவான் அயூசோ. ஜெர்சி டெல் டோரோவுக்குப் போனது. அயூசோ பாதியில் விலகினார். இருவரையும் எடுத்திருந்தால் ஒருவரின் லாபத்தை இன்னொருவரின் நட்டம் தின்றிருக்கும்.

## விலையே பொய் சொல்லும் ஆண்டுகள்

2020-இல் கொரோனாவால் மார்ச் நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை பெரிய பந்தயமே இல்லை. பாரிஸ்-ரூபே அந்த ஆண்டு நடக்கவே இல்லை. அதனால் 2021-க்கு எல்லோருமே மலிவு, குறிப்பாக கற்பாதைக் கிளாசிக் வீரர்கள். அந்த ஆண்டு உங்கள் டீம் இரண்டு மடங்கு ஈட்டியிருந்தால் அதை உங்கள் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டு 2022-க்குத் திட்டம் போட முடியாது.

உங்கள் ஆட்டம் உலகக் கூட்டமைப்பின் புள்ளிகளைப் பயன்படுத்தினால் இன்னொன்று. 2023 முதல் டூர் கட்ட வெற்றி 120-இலிருந்து 210 ஆனது; மான்யுமென்ட் எனப்படும் ஐந்து பெரிய கிளாசிக்குகள் 500-இலிருந்து 800; டூர் பட்டம் 1000-இலிருந்து 1300. 1.1 பந்தயம் 125-இலேயே நின்றது. பழைய அளவில் விலை, புதிய அளவில் வரவு என்றிருக்கும் ஆண்டில் பெரிய பந்தய வீரர்கள் எல்லோருமே தள்ளுபடியில் கிடைத்தவர்கள். விதி மாறும் ஆண்டில் மட்டும் நட்சத்திரத்துக்கு எதிரான கணக்கு தலைகீழாகும்.

## உங்கள் நிலைக்கு எது

முதலில் இந்த சீசனின் 33 பேரையும் ஒரு தாளில் இறக்குங்கள். பெயர், விலை, ஈட்டியது, லாபம், வகை, பந்தய நாட்கள், எடுத்த காரணம் ஒரு வரியில். பிறகு வகைவாரியாக லாபத்தைக் கூட்டி, அந்த வகையில் எத்தனை பேரோ அத்தனையால் வகுத்தால், எந்த வகை உங்களுக்கு வாடகை கட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

*நடுத்தட்டிலோ அதற்குக் கீழோ முடித்தவர்கள்* நட்சத்திரமில்லாத டீமுக்குப் போகலாம்: நடுவிலைக்காரர் 15 பேர், சராசரி 370 விலையில், 5550 புள்ளி, திரும்பி வருகிறவர் 9 பேர், சராசரி 130-இல், 1170, இளைஞர்கள் 9 பேருக்கு மீதி 780. ஓர் ஆள் கவிழ்ந்தாலும் டீம் கவிழாது.

*முதல் பத்து இடத்துக்குள் முடித்து, முதலிடம் தேடுகிறவர்கள்* மற்றவர்களிடம் இல்லாத ஒரு நட்சத்திரத்தை, அதுவும் தள்ளுபடியில் இருந்தால் மட்டும், எடுத்துப் பார்க்கலாம்: நட்சத்திரம் 2000, நடுவிலைக்காரர் 11 பேர் 3630-க்குள், திரும்பி வருகிறவர் 11 பேர் 1210, இளைஞர்கள் 10 பேர் 660. இந்த அமைப்பில் திரும்பி வருகிறவர்களில் நான்கு பேராவது பலிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் அப்படி 11 பெயர்களை உங்களால் காரணத்தோடு எழுத முடியவில்லையென்றால் முதல் அமைப்புக்கே திரும்பிவிடுங்கள்.

*புள்ளிவிவரம் பார்க்க நேரமில்லாதவர்கள்* புதுமுகங்களைக் குறைத்து, டீம் மாறிய நடுவிலைக்காரர்களைக் கூட்டுங்கள். டீம் மாற்றப் பட்டியலை ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். 19 வயதுக்காரர்களின் பந்தய முடிவுகளை முடியாது.

டீமைப் பூட்டுவதற்கு முந்தைய நாள் மிச்சப் புள்ளியைப் பாருங்கள். 180 மிச்சமிருந்து கடைசி இடத்தில் 20 விலைப் புதுமுகம் இருந்தால், அவரை நீக்கிவிட்டு 200 விலையில் டீம் மாறிய ஒருவரைப் போடுங்கள். அவர் வெறும் 200-ஐத் திருப்பித் தந்தாலே, புதுமுகம் பத்து மடங்கு ஈட்டியதற்குச் சமம்.